ஆண்களின் நெடுங்கால மயிர்நீக்கம்

ஆண்களின் நெடுங்கால மயிர்நீக்கம் என்பது ஆண்களின் மார்பு, முதுகு, தோள், கழுத்து, முகம் முதலிய இடங்களில் வளரும் மயிர் மீண்டும் முளைப்பதைப் பல மாதங்களுக்கோ ஆண்டுகளுக்கோ தடுக்கின்ற அல்லது குறைக்கின்ற முறைகளைக் குறிக்கும். சவரம், மெழுகிட்டுப் பிடுங்குதல், மயிர் கரைக்கும் களிம்பு ஆகியவற்றின் பயன் சில நாட்களோ வாரங்களோ மட்டுமே நீடிப்பதால் அவை இவ்வகையில் அடங்கா. லேசர், தீவிரத் துடிப்பொளி (ஐ.பி.எல்), மின்னூசி ஆகிய மூன்றுமே இன்று இதற்குப் பயன்படும் முக்கிய முறைகளாகும்.

விளம்பரங்களில் "நிரந்தரம்" என்ற சொல் தாராளமாகப் பயன்படுத்தப்படுகிறது. ஆயினும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இச்சொல்லுக்கு வரையறை வைத்துள்ளது. மின்னூசி முறையை மட்டுமே அது நிரந்தர மயிர்நீக்கம் என ஏற்கிறது. பெரும்பாலான லேசர் கருவிகளுக்கு "நிரந்தர மயிர்க் குறைப்பு" என்று கூறவே இசைவு உண்டு. சிகிச்சைத் தொடர் முடிந்தபின் மீண்டும் முளைக்கும் மயிர்களின் எண்ணிக்கை நெடுங்காலத்துக்குக் குறைந்தே இருத்தல் என்பதே இதன் பொருளாகும். மயிர் அறவே இல்லாமற் போகும் என்பது இதன் பொருளன்று. இந்த வேறுபாட்டை அறியாமல் சிகிச்சைக்குச் செல்லும் ஆண்களே பின்னர் ஏமாற்றம் அடைகின்றனர்.

ஆணுடலில் மயிரின் வளர்ச்சி

சிறுவர்களின் உடலை மூடியிருப்பது மென்மையான, நிறம் குன்றிய பூனைமுடி ஆகும். பருவமடையும்போது சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனும் அதிலிருந்து உருவாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனும் மயிர்க்கால்களைத் தூண்ட, பூனைமுடி தடித்த கரிய மயிராக மாறுகிறது. இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்து முடிவதில்லை. அக்குளிலும் அடிவயிற்றின் கீழும் முதலில் தோன்றி, முகத்துக்கும் மார்புக்கும் பரவி, முதுகு, தோள், காது ஆகியவற்றில் முப்பது நாற்பது வயதுக்குப் பின்னரும் தொடர்கிறது. இதே இயக்குநீர்கள் மரபுவழி வாய்ப்புள்ளவர்களின் உச்சந்தலையில் மயிரை மெலியச் செய்து வழுக்கையை உண்டாக்குகின்றன. வழுக்கைக்கும் ஆண் இயக்குநீருக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942 ஆம் ஆண்டில் நிறுவினார்.

இருபத்தைந்து வயதில் முதுகில் சிகிச்சை பெறும் ஒருவருக்கு அன்றிருந்த மயிர்க்கால்கள் அழிக்கப்படலாம். அதே இடத்தில் அன்று பூனைமுடியாக இருந்தவை நாற்பது வயதில் தடித்த மயிராக மாறுவதை எந்தக் கருவியும் தடுப்பதில்லை. எனவே சில ஆண்டுகளுக்குப் பின் தோன்றும் மயிர் அனைத்தையும் சிகிச்சையின் தோல்வி எனக் கூறவியலாது. அவற்றுள் ஒரு பகுதி புதிதாக முதிர்ந்ததாகும்.

வரலாறு

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் சார்லஸ் மிச்செல், கண்ணை உறுத்தும் வகையில் உள்நோக்கி வளரும் இமைமயிரை அகற்ற மின்னோட்டம் பாய்ந்த ஊசியைப் பயன்படுத்தியதை 1875 இல் வெளியிட்டார். நெடுங்கால மயிர்நீக்கத்தின் தொடக்கம் இதுவேயாகும். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டிலேயே, அதாவது 1896 இல், வியன்னாவில் லியோபோல்ட் பிராய்ண்ட் ஒரு சிறுமியின் முதுகிலிருந்த மயிர் அடர்ந்த மச்சத்துக்கு அக்கதிரைப் பாய்ச்சினார். மயிர் உதிர்ந்தது, தோல் புண்ணாயிற்று. ஆயினும் 1920களில் அமெரிக்காவில் எக்ஸ்-கதிர் மயிர்நீக்க நிலையங்கள் பெருகின. அங்கு சென்றவர்கள் பலருக்குப் பின்னாளில் தோல் புற்றுநோய் ஏற்பட்டது.

1983 ஆம் ஆண்டு ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகியோர் வெளியிட்ட "தெரிந்தெடுத்த ஒளிவெப்பச் சிதைவு" என்னும் கோட்பாடு இன்றைய லேசர் முறைக்கு அடிப்படையாகும். ஒரு பொருளால் மட்டும் மிகுதியாக உறிஞ்சப்படும் அலைநீளத்தையும் அதற்கேற்ற துடிப்புக் காலத்தையும் தெரிவு செய்தால், சுற்றியுள்ள திசுவுக்குக் கேடின்றி அப்பொருளை மட்டும் சுடலாம் என்பதே இக்கோட்பாடு. மயிர்நீக்கத்தில் அப்பொருள் மெலனின் என்னும் கருநிறமி ஆகும். முதல் லேசர் மயிர்நீக்கக் கருவி 1995 இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது.

லேசர் முறையும் அதன் அனுபவமும்

மயிர்த்தண்டிலுள்ள மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அவ்வெப்பம் மயிர்க்காலின் சுவரிலுள்ள தண்டுயிரணுக்களுக்குப் பரவி அவற்றைச் சிதைக்கிறது. வெப்பத்தைக் கடத்த மயிர்க்காலினுள் தண்டு இருத்தல் வேண்டும். எனவே சிகிச்சைக்கு முன் நான்கு முதல் ஆறு வாரங்கள் மயிரைப் பிடுங்குதலும் மெழுகிடுதலும் கூடா. சவரம் செய்துகொள்ளலாம், செய்தே ஆகவேண்டும். தோலின் மேல் மயிர் நீண்டிருந்தால் அது கருகித் தோலைச் சுடும்.

மயிருக்கு வளர்நிலை, சிதைநிலை, ஓய்வுநிலை என மூன்று நிலைகள் உண்டு. வளர்நிலையில் இருப்பனவே நன்கு அழிகின்றன. தலைமயிரைப் போலன்றி முதுகு, மார்பு ஆகிய இடங்களின் மயிர்களில் பெரும்பகுதி எந்நேரத்திலும் ஓய்வுநிலையிலேயே இருக்கும். எனவே நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட அமர்வுகள் தேவைப்படுகின்றன. ஆண்களின் மயிர் தடித்தும் அடர்ந்தும் வேர் ஆழமாகவும் இருப்பதால் அமர்வுகளின் எண்ணிக்கை பெண்களைவிட மிகுவதுண்டு.

தோலில் இரப்பர்ப் பட்டை சுண்டியது போன்ற வலி என்று பலரும் இதனை விவரிக்கின்றனர். மயிர் அடர்ந்த இடங்களில் உறிஞ்சப்படும் வெப்பமும் மிகுதியாதலால், முதல் இரண்டு அமர்வுகளே மிக வலிக்கும். மயிர் மெலிய மெலிய வலியும் குறையும். அறையில் மயிர் கருகும் நாற்றம் இருக்கும். அடுத்த சில நாட்களில் மயிர் வளர்வது போலத் தோன்றுவதைக் கண்டு சிலர் மனம் தளர்கின்றனர். அது வளர்ச்சியன்று, இறந்த தண்டு வெளியே தள்ளப்படுவதேயாகும். ஓரிரு வாரங்களில் அது உதிர்ந்துவிடும். இடையிடையே உதிர்ந்தும் உதிராமலும் திட்டுத்திட்டாகக் காணப்படும் காலமும் உண்டு. சட்டையின்றித் திரியும் வழக்கமுடையோருக்கு இதுவே தொல்லை. தொடர் முடிந்தபின் எஞ்சும் மயிர் மெல்லியதாகவும் வெளிறியும் காணப்படும். ஆண்டுக்கு ஓரிரு முறை மறுஅமர்வு செய்துகொள்வோரும் உளர்.

நரைமயிர், செம்மயிர், பொன்மயிர் ஆகியவற்றில் கருநிறமி இல்லை அல்லது குறைவு என்பதால் லேசர் அவற்றுக்குப் பயன்படாது. மார்பில் நரை தோன்றியபின் சிகிச்சை பெறும் ஒருவருக்குக் கரிய மயிர் நீங்கி, நரை மட்டும் எஞ்சும்.

கருநிறத் தோல்

மெலனின் மயிரில் மட்டுமின்றி மேற்றோலிலும் உள்ளது. தோல் கருமையாக இருக்குமளவுக்கு ஒளி மயிர்க்காலை எட்டுமுன் தோலிலேயே உறிஞ்சப்பட்டு, கொப்புளம், தீப்புண், மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டு, சிலவேளைகளில் வெளிறிய தழும்பு ஆகியவற்றை உண்டாக்கும். அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975 இல் தொடங்கிய வகைப்பாடு தோலை இன்று ஆறாகப் பிரிக்கிறது. தமிழர் உள்ளிட்ட தெற்காசியர் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகைகளிலும் ஓரளவு ஆறாம் வகையிலும் அடங்குவர்.

ரூபி லேசரின் அலைநீளம் 694 நானோமீட்டர், அலெக்சாண்டிரைட்டினது 755, டயோடினது ஏறத்தாழ 810, என்டி-யாக் லேசரினது 1064 ஆகும். அலைநீளம் கூடக்கூட மெலனின் அதனை உறிஞ்சுவது குறைந்து, ஒளி ஆழமாகச் செல்கிறது. ஆதலால் கருநிறத் தோலுக்கு என்டி-யாக் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. மறுபுறம், மயிரும் அதனைக் குறைவாகவே உறிஞ்சுவதால் பயன் சற்றுக் குறைவு, வலி மிகுதி. வெண்ணிறத் தோலினருக்கு ஏற்ற அளவுகளை அப்படியே கருநிறத் தோலுக்குக் கையாளுதல் தீப்புண்ணுக்கு முக்கியக் காரணமாகும். வீட்டில் பயன்படுத்தும் ஐ.பி.எல் கருவிகள் பலவும் கருமையான தோலை உணர்ந்தால் இயங்காதவாறு அமைக்கப்பட்டுள்ளன. வெயிலில் கறுத்த தோலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பச்சை குத்திய இடத்தின் மீதும் மச்சத்தின் மீதும் லேசர் பாய்ச்சுதல் கூடாது.

ஏனைய தீங்குகள்

சிலருக்கு சிகிச்சை பெற்ற இடத்திலோ அதன் ஓரத்திலோ முன்பில்லாத அளவுக்கு மயிர் வளர்வதுண்டு. இது முரண் மயிர்மிகை எனப்படும். மயிர்க்காலை அழிக்கப் போதாத வெப்பம் அதனைத் தூண்டிவிடுவது காரணமாகலாம் என்று கருதப்படுகிறது. தெற்காசிய, மத்திய கிழக்கு, நடுநிலக்கடல் மரபினரிடம் இது மிகுதியாகப் பதிவாகியுள்ளது. பெண்களுக்கு முகத்திலும் கழுத்திலும், ஆண்களுக்கு மேல்முதுகு, தோள், மேற்கை ஆகிய இடங்களிலும் பெரிதும் ஏற்படுகிறது. ஆண்கள் பலரும் சிகிச்சையை நாடுவது இவ்விடங்களுக்காகவே என்பது குறிப்பிடத்தக்கது.

வலிக்காகப் பூசும் மரப்புக் களிம்பும் தீங்கற்றதன்று. லேசர் மயிர்நீக்கத்துக்கு முன் கால்கள் முழுதும் இக்களிம்பைப் பூசிச் சுற்றிக் கட்டிய இரு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்ததையடுத்து 2007 இல் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை வெளியிட்டது. களிம்பிலுள்ள லிடோகெயின் போன்ற மருந்து தோல்வழியே குருதியில் கலந்து இதயத் துடிப்பைக் குலைக்கும். ஆண்களின் முதுகும் மார்பும் பெரும்பரப்பு ஆதலால் இது கருத்திற் கொள்ளத்தக்கது.

மருத்துவக் காரணங்கள்

புட்டப்பிளவின் மேற்புறத்தில் உதிர்ந்த மயிர் தோலைத் துளைத்துச் சீழ்க்கட்டியை உண்டாக்கும் மயிர்ப்புரை (பைலோனிடல் சைனஸ்) இளம் ஆண்களையே பெரிதும் தாக்குகிறது. இரண்டாம் உலகப்போரில் இதனால் அமெரிக்கப் படைவீரர் பல்லாயிரவர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கரடுமுரடான பாதைகளில் ஜீப்பில் அமர்ந்து செல்வோரிடம் கண்டதால் இது "ஜீப் நோய்" என்றும் பெயர் பெற்றது. அறுவைக்குப் பின்னும் மீண்டும் மீண்டும் வருவதே இந்நோயின் கொடுமை. அமெரிக்காவில் 11 முதல் 21 வயதுக்குட்பட்ட 302 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியோர் வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராகவும், அதனுடன் லேசர் மயிர்நீக்கமும் பெற்றவர்களில் பத்திலொரு பங்கினராகவும் இருந்தனர்.

சவரப் புடைப்பு மற்றொரு காரணமாகும். சுருண்ட மயிர் சவரத்தால் கூர்மையாகி, வளைந்து மீண்டும் தோலுக்குள் புகுவதால் தாடையிலும் கழுத்திலும் புடைப்புகளும் தழும்புகளும் உண்டாகின்றன. ஆப்பிரிக்க மரபினரான ஆண்களிடம் இது மிகப் பரவலானது. தாடி வளர்ப்பதே எளிய மருந்து. ஆனால் அமெரிக்கப் படைகளில் முகச்சவரம் கட்டாயமாகும். நச்சுவளி முகமூடி முகத்தோடு இறுகப் பொருந்த வேண்டும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். மருத்துவர் சான்றின்பேரில் சவர விலக்கு அளிக்கப்பட்டு வந்தது. விலக்குப் பெற்ற வான்படையினருக்குப் பதவி உயர்வு தாமதமாவதை 2021 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சுட்டியது. ஓராண்டு மருத்துவத்துக்குப் பின்னும் விலக்குத் தேவைப்படுவோரைப் படையிலிருந்து நீக்குவது குறித்துப் பரிசீலிக்க 2025 இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆணையிட்டது. அம்மருத்துவங்களுள் லேசரும் ஒன்று. புடைப்பு அதனால் பெரும்பாலும் தணிகிறது. எனினும் தாடி நெடுங்காலத்துக்கு மெலிந்துவிடும். பணி ஓய்வுக்குப்பின் தாடி வளர்க்க விரும்பினாலும் முன்போல் வளராது. தோற்றத்துக்காகச் செய்துகொள்வோருக்கு உள்ள தெரிவு இவர்களுக்கு இல்லை.

தோற்றமும் விளையாட்டும்

உடல்மயிர் அகற்றுதல் பெண்களுக்கே உரியது என்னும் கருத்து தவறானது. அக்குள், மறைவிட மயிரை நாற்பது நாட்களுக்கு மிகாமல் அகற்றுதல் இசுலாமிய வழக்கில் ஆண்களுக்கும் உரிய தூய்மை நெறியாகும். தென் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் போரோஸ் முதலியோர் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கழுத்துக்குக் கீழ் மயிர் அகற்றுவதாகக் கூறினர்.

நீச்சல் வீரர்கள் உடல்மயிரை மழித்தால் நீரின் இழுவை குறைவதை ரிக் ஷார்ப், டேவிட் காஸ்டில் ஆகியோர் 1989 இல் காட்டினர். எனினும் அவர்களுள் பலர் நெடுங்கால முறைகளை நாடாமல், பெரும் போட்டிக்கு முன் மட்டும் மழிப்பதையே விரும்புகின்றனர்.

மின்னூசி முறை

மயிர் ஒவ்வொன்றின் காலுக்குள்ளும் நுண்ணிய ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சுவது இம்முறையாகும். நேர்மின்னோட்டம் காரத்தை உண்டாக்கியும், உயர் அதிர்வெண் மின்னோட்டம் வெப்பத்தை உண்டாக்கியும் மயிர்க்காலை அழிக்கின்றன. இரண்டையும் இணைத்த கலப்பு முறைக்கு 1948 இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. மெலனினைச் சாராததால் எந்நிறத் தோலுக்கும், நரைமயிருக்கும் ஏற்றது. ஒவ்வொரு மயிராக அழிப்பதால் ஓர் ஆணின் முழு முதுகுக்கு நூறு மணிநேரத்துக்கு மேலும் ஆகலாம். எனவே பெரும்பரப்பை லேசரால் மெலியச் செய்து, எஞ்சியதை மின்னூசியால் அகற்றுவோர் உளர்.

ஆண்குறி அமைப்பு அறுவை செய்துகொள்ளும் திருநம்பிகளுக்கு இது தோற்றம் பற்றிய ஒன்றன்று. முன்கை அல்லது தொடைத் தோலைக் கொண்டு சிறுநீர்வழி அமைக்கப்படுவதால், அத்தோலில் மயிர் எஞ்சினால் அது உள்ளே வளர்ந்து அடைப்பும் கல்லும் தொற்றும் ஏற்படக்கூடும். ஆகவே அறுவைக்குப் பல மாதங்களுக்கு முன்பே அவ்விடத்து மயிரை அகற்றத் தொடங்கி, சில மாதங்கள் காத்திருந்து, மீண்டும் முளைக்கவில்லை என உறுதி செய்த பின்னரே அறுவை மேற்கொள்ளப்படுகிறது.