ஸ்டிலியன் பெட்ரோவ்: 19-வது நிமிடக் கைதட்டல்

ஒரு பல்கேரியக் கால்பந்து வீரரைப் பற்றிய நீண்ட இழை இது. கால்பந்து பார்க்காதவங்களும் தைரியமா படிக்கலாம். ஆஃப்சைடு விதியெல்லாம் விளக்கப் போறதில்லை.

2012 மார்ச் 24. லண்டனில் ஆர்சனல் அணிக்கும் ஆஸ்டன் வில்லா அணிக்கும் ஆட்டம். வில்லா 3-0 என்று தோற்றது. வில்லாவின் கேப்டன் ஸ்டிலியன் பெட்ரோவுக்கு அப்போ வயது 32. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவருக்குக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மார்ச் 30 அன்று கிளப் அறிவித்தது: அக்யூட் லுக்கிமியா. தீவிர ரத்தப் புற்றுநோய்.

ஆறே நாள்.

"உலகத்திலேயே கடினமான லீக்ல ஆடிட்டிருந்த மனுஷனுக்கு இது எப்படி?" என்று கேட்பீங்க. அதற்கு வருகிறேன். அதுக்கு முன்னாடி அவர் யார் என்று தெரிந்தால்தான் அந்த நோய் எதை எடுத்துக்கொண்டது என்பது புரியும்.

1979-ல், பல்கேரியாவின் வடமேற்கில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அவர் பிறந்தபோது அந்த ஊரின் பெயர் மிஹாய்லோவ்கிராட். கம்யூனிச ஆட்சி போன பிறகு, 1993-ல் மொன்டானா என்று மாற்றினார்கள். ஊர் பேர் மாறின அடுத்த வருஷமே நாட்டோட கால்பந்து வரலாறும் மாறியது.

1994 உலகக் கோப்பைக்கு முன்பு பல்கேரியா ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடியிருந்தது. மொத்தம் 16 ஆட்டங்கள். ஜெயித்தது? பூஜ்யம். ஒண்ணுகூட இல்லை. அந்த அணி 1994-ல் நடப்புச் சாம்பியன் ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது. ஹிரிஸ்டோ ஸ்டோய்ச்கோவ் 6 கோல் அடித்தார், அந்த வருடமே பாலன் டி'ஓர் வாங்கினார். பெட்ரோவுக்கு அப்போ வயது 15. அந்த வயசுல அந்த நாட்டுல பந்து உதைச்சுக்கிட்டிருந்த ஒரு பையனுக்கு அது என்னவா இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. 1983-ல் கிரிக்கெட் பார்த்த தலைமுறையிடம் கேட்டால் சொல்வார்கள்.

சிஎஸ்கேஏ சோபியாவில் ஆடிவிட்டு, 1999-ல், 20 வயதில், ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்குப் போனார். முதல் வருடம் நரகம். ஆங்கிலம் தெரியாது. நடுக்களத்தில் ஆடுகிறவரை வலது தடுப்பாட்டத்தில் நிறுத்தினார்கள். ஊருக்கே திரும்பிப் போயிடலாமா என்கிற அளவுக்கு வீட்டு நினைப்பு.

அப்போ அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நண்பர் ஒருவர் பர்கர் வண்டி வைத்திருந்தார். அதில் நின்று வாடிக்கையாளர்களிடம் ஆர்டர் எடுத்து ஆங்கிலம் பழகினார். செல்டிக் வீரர், தள்ளுவண்டியில் பர்கர் விற்கிறார்! கிளாஸ்கோ ஆங்கிலம் வேற. லண்டன்காரனுக்கே பாதிதான் புரியும். அதில் தேறினால் எங்கேயும் பிழைச்சுக்கலாம்.

2000-ல் மார்ட்டின் ஓ'நீல் மேலாளராக வந்தார். பெட்ரோவை நடுக்களத்துக்கு மாற்றினார். அந்த சீசனில் செல்டிக் உள்நாட்டின் மூன்று கோப்பைகளையும் வென்றது. பெட்ரோவுக்கு ஸ்காட்லாந்தின் சிறந்த இளம் வீரர் விருது. ஆனா 2001 மார்ச்சில் கால் எலும்பு முறிந்து, கொண்டாட்டத்தின் கடைசிப் பகுதியை வெளியில் இருந்துதான் பார்த்தார். கால் உடைந்தால் ஒட்டும். எப்ப ஒட்டும், எப்ப ஓடலாம் என்று ஓரளவுக்குத் தேதி போட்டே சொல்லலாம். இதை ஞாபகத்தில் வையுங்க.

செல்டிக்கில் 300-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், நான்கு லீக் பட்டங்கள். 2003-ல் செவில்லில் நடந்த யூஇஎஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டியில் மொரின்யோவின் போர்ட்டோவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோல்வி. செல்டிக் ரசிகர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள்.

2006-ல் ஓ'நீல் ஆஸ்டன் வில்லாவுக்குப் போக, பெட்ரோவும் பின்னாடியே போனார். முதல் ஒன்றரை வருடம் ரசிகர்களுக்குப் பெரிதாகத் திருப்தியில்லை. 2008 ஏப்ரலில் டெர்பி அணிக்கு எதிராக, மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்து பந்தை அப்படியே தூக்கி கோலுக்குள் போட்டார். அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கலை. பிறகு கேப்டன். 2010-ல் வெம்பிளியில் லீக் கோப்பை இறுதிப் போட்டிக்கு அணியை அழைத்துப் போய், மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-1 என்று தோற்றார்.

பல்கேரியாவுக்காக 105 ஆட்டங்கள். அந்த நாட்டுச் சாதனை அது. 2004 யூரோவில் அவர்தான் கேப்டன். மூன்று ஆட்டமும் தோல்வி, டென்மார்க் ஆட்டத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை. 1994-ன் வெளிச்சம் போன பிறகு அணியைச் சுமந்த தலைமுறை அவருடையது. அந்தச் சுமைக்கு ஏற்ற பெயர் அவங்களுக்குக் கிடைக்கலை என்பது என் கருத்து.

இப்போ அந்தக் காய்ச்சலுக்கு வருவோம்.

எலும்புக்குள்ளே இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை. அக்யூட் லுக்கிமியாவில் வளர்ச்சி முழுமையடையாத வெள்ளையணுக்கள், நாங்க பிளாஸ்ட் செல் என்போம், அந்தத் தொழிற்சாலையை ஆக்கிரமித்துவிடும். நல்ல வெள்ளையணு குறையும், அதனால் தொற்றும் காய்ச்சலும். சிவப்பணு குறையும், அதனால் சோர்வு, மூச்சு வாங்குதல். தட்டணுக்கள் குறையும், அதனால் ஈறில் ரத்தம், உடம்பில் காரணமில்லாத நீலத் திட்டுகள். "அக்யூட்" என்றால் இதெல்லாம் சில வாரங்களிலேயே நடக்கும் என்று அர்த்தம். ஜனவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை சரியாக இருந்திருக்கலாம், மார்ச்சில் தலைகீழாகலாம்.

விளையாட்டு வீரருக்கு இதில் இன்னொரு சிக்கல். சோர்வு அவங்களுக்குத் தினசரி வாழ்க்கை. சீசன் கடைசியில், 32 வயசுல, கால் கனக்குதுன்னா யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்க மாட்டாங்க. விட்டுப் போகாத காய்ச்சல் வந்தால்தான் சந்தேகம் வரும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையே முதல் துப்பைக் கொடுத்துவிடும். நம்ம அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதை எடுக்கலாம்.

அறிவிப்புக்கு மறுநாள் வில்லாவுக்குச் சொந்த மைதானத்தில் செல்சியோடு ஆட்டம். பெட்ரோவ் பார்வையாளர் பகுதியில் வந்து உட்கார்ந்தார். அவரது ஜெர்சி எண் 19. ஆட்டத்தின் 19-வது நிமிடத்தில் மொத்த மைதானமும் எழுந்து நின்று கைதட்டியது. அது ஒரு நாளோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த ஆட்டங்களில், அடுத்த சீசனிலும், ஒவ்வொரு முறையும் 19-வது நிமிடத்தில் அந்தக் கைதட்டல் வந்தது. அணி மோசமா தோத்துக்கிட்டிருந்தாலும் வந்தது.

2012 ஆகஸ்டில் செய்தி: பெட்ரோவ் ரெமிஷனில் இருக்கிறார்.

"குணமாயிட்டார்" என்று பலரும் எழுதினார்கள். இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கணும். ரெமிஷன் என்றால் மஜ்ஜையில் பிளாஸ்ட் செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்து, ரத்த அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்புவது. நோய் அடங்கியிருக்கிறது. வேரோடு போனதா என்பது அன்னிக்குத் தெரியாது. அதனால்தான் அதன் பிறகும் மாதக்கணக்கில், சில வகைகளில் இரண்டு மூன்று வருடம்கூட மருந்து தொடரும். "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு மருந்து?" என்று கேட்டு சிகிச்சையைப் பாதியில் விட்டவங்க உண்டு. திரும்பி வரும் லுக்கிமியா முதல் தடவையைவிட ரொம்பப் பிடிவாதமானது. தயவுசெய்து விடாதீங்க.

அந்த மருந்துகளும் சும்மா இல்லை. பொதுவாக இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் சில இதயத் தசையைப் பலவீனமாக்கும். சில பாத நரம்புகளை மரத்துப்போக வைக்கும். ஸ்டீராய்டு தசையையும் எலும்பையும் கரைக்கும். ஒரு அலுவலக ஊழியர் இதையெல்லாம் தாண்டி பழைய நாற்காலிக்குத் திரும்பிவிடலாம். நடுக்கள வீரர் ஒரு ஆட்டத்தில் 10 கிலோமீட்டர் அளவுக்கு ஓடணும், அதுவும் நின்னு, திரும்பி, பாய்ஞ்சு. அவரைப் பொறுத்தவரை நோய் போவது ஒரு விஷயம், வேலைக்குத் திரும்புவது முற்றிலும் வேறு விஷயம். உடைந்த காலுக்குப் போட்ட மாதிரி இதற்குத் தேதி போட முடியாது.

2013 மே மாதம் ஓய்வை அறிவித்தார். தன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அந்த செப்டம்பரில் செல்டிக் மைதானத்தில் அதற்காக நிதி திரட்டும் ஆட்டம் நடந்தது, அவரும் இறங்கி ஆடினார்.

எல்லாரும் கதை முடிந்தது என்று நினைத்தோம். அவர் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆடும் உள்ளூர் அமெச்சூர் அணி ஒன்றில் சேர்ந்து மறுபடி பந்து உதைத்தார். கொஞ்சம் கொஞ்சமா உடம்பைத் தேற்றினார். 2016 கோடையில், 37 வயதில், ஆஸ்டன் வில்லாவின் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் சேர்ந்தார். தன்னில் பாதி வயசுப் பையன்களோடு ஓடினார். பயிற்சி ஆட்டத்திலும் இறங்கினார்.

கடைசியில் கிளப் ஒப்பந்தம் தரவில்லை.

சினிமாவா இருந்தா ஒப்பந்தம் கொடுத்து, கடைசி நிமிஷத்துல கோலும் அடிக்க வெச்சிருப்பாங்க. நிஜத்தில் மேலாளர் ராபர்டோ டி மத்தேயோ அணியின் தேவையைப் பார்த்து முடிவெடுத்தார், அது நியாயம்தான். 37 வயதில் லுக்கிமியா வராதவர்களுக்கே பெரும்பாலும் ஒப்பந்தம் கிடைக்காது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2013-ல் முடிவை எடுத்தது நோய். 2016-ல் ஒரு பயிற்சியாளர் அவரை ஓட விட்டு, பார்த்து, மற்ற எந்த வயதான வீரரிடமும் சொல்வதைப் போல "போதாது" என்று சொன்னார். நோயாளி என்று யாரும் தள்ளி வைக்கவில்லை, பாவம் பார்த்தும் சேர்க்கவில்லை. நான்கு வருடம் கழித்து அவருக்கு அது கிடைத்தது.

அந்த டெர்பி கோல் வீடியோ யூடியூபில் இருக்கு. ஒரு தடவை பாருங்க. கோல்கீப்பர் பின்னாடியே ஓடுற அழகுக்காகவாவது.