தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம், 2007

தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம், 2007 என்பது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் ஆகும்.

தாமிரபரணிக் குளங்கள்

திருநெல்வேலி வட்டாரத்தில் ஏரியைக் குளம் என்றே வழங்குவர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் வயல்களுக்குப் பாய்வதோடு குளங்களையும் நிரப்புகின்றன. சுத்தமல்லி அணைக்கட்டில் தொடங்கும் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்திற்கு நீர் தருகிறது. நகர வளர்ச்சியால் சில குளங்கள் சுருங்கின. இச்சட்டத்திற்கு முன்பே திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தின் ஒரு பகுதியில் கட்டப்பட்டது.

செயல்முறை

அதிகாரிகள் குளத்தின் எல்லையை அளந்து, வரைபடமும் பதிவேடும் ஆயத்தம் செய்வர். எல்லைக்குள் ஆக்கிரமித்திருப்போருக்கு அறிவிப்பு அளிக்கப்படும். அவர்கள் விலகாவிடில் ஆக்கிரமிப்பு அகற்றப்படும்.

வீட்டுமனைகள்

நீர் வற்றிய குளம் வெற்று நிலம் போலத் தோன்றினாலும் அரசு ஆவணங்களில் அது நீர்நிலைப் புறம்போக்கே. 2016 அக்டோபர் 20 அன்று நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு, அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைத் தடுக்கிறது. முன்னரே வீட்டுமனையாகப் பதிவானவற்றுக்கு விலக்கு உண்டு. ஆயினும் பத்திரம் பதிவானதால் மட்டும் புறம்போக்கு நிலத்தில் ஒருவருக்கு உரிமை உண்டாவதில்லை. நிலத்தின் வகையைக் கிராம வரைபடம், 'அ' பதிவேடு ஆகியவற்றால் அறியலாம்.