துட்டும் ஃபுலூஸும்

கோவில்பட்டிக் கரிசல் பூமியில் பணத்திற்குத் ‘துட்டு’ என்பதே பேச்சு வழக்கு. பருத்தி விற்றுக் கைநிறைய வந்தாலும் துட்டுதான். கடன்பட்டுக் கைவிரித்தாலும் ‘துட்டு இல்லை’ என்பதுதான். ஆனால் இச்சொல் தொடக்கத்தில் செல்வம் முழுவதையும் குறித்ததன்று. சிறு செப்புக் காசு ஒன்றின் பெயர்.

டச்சுக்காரரின் ‘டொய்ட்’ என்னும் காசுப் பெயரே துட்டு ஆயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அவர்கள் கணக்கில் 160 டொய்ட் சேர்ந்தால்தான் ஒரு கில்டர். 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனி, முத்து, சங்கு ஆகியவற்றோடு துணியையும் பெரிதும் கொள்முதல் செய்தது. துணிக்குப் பருத்தி வேண்டும். பருத்திக்குக் கரிசல் வேண்டும். துறைமுகச் சொல் உள்நாட்டுக்கு ஏறிய வழி இதுவாகலாம் எனக் கருதுகிறோம். கன்னடத்திலும் இச்சொல் வழங்குவது ஒரு கேள்வியை எழுப்பாமலில்லை. அஃது எவ்வாறாயினும், 1957இல் தசம நாணயம் வந்தபின் அணாவும் தம்பிடியும் கணக்கிலிருந்து மறைய, துட்டு மட்டும் நாவில் நிலைத்தது.

அரபு மொழியிலும் இதுவே நிகழ்ந்திருக்கிறது. ‘ஃபல்ஸ்’ என்பது பைசாந்தியரின் ‘ஃபாலிஸ்’ என்னும் செப்புக் காசின் பெயர். தீனார் பொன், திர்ஹம் வெள்ளி, ஃபல்ஸ் செம்பு. அதன் பன்மையாகிய ‘ஃபுலூஸ்’ இன்று அரபுப் பேச்சு வழக்குகளில் பணத்தையே குறிக்கும். வளைகுடா சென்று திரும்பிய நம்மவர் இதனை நன்கறிவர். ‘முஃப்லிஸ்’ (ஓட்டாண்டி) என்னும் சொல்லும் இவ்வேரினதே. திர்ஹம் வைத்திருந்தவன் வெறும் ஃபுலூஸ் அளவுக்குத் தாழ்ந்துவிட்டான் என்பது அகராதியாளர் தரும் விளக்கம். பெருநாணயத்தைக் கண்டறியாத எளியோர் தம் கையிற் புரண்ட காசின் பெயரையே பணத்துக்கு இட்டனர் போலும்.

சொல் விரிந்தபோது சட்டமும் விரிய வேண்டியதாயிற்று. ஜகாத்தின் நிஸாபு 20 தீனார் அல்லது 200 திர்ஹம் என்று பொன் வெள்ளியிலேயே வகுக்கப்பட்டது. ஃபுலூஸ் செலாவணியில் இருப்பினும் அதில் வட்டி விதி பொருந்தாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பழைய நிலை. ஹனஃபி இமாம்களுள் முஹம்மது (ரஹ்) அவர்களோ ஒரு ஃபல்ஸுக்கு இரண்டு ஃபல்ஸ் மாற்றுவதை ஏற்கவில்லை. பொன்னும் வெள்ளியும் புழக்கத்திலிருந்து நீங்கி, தாளே பணமாகிவிட்ட காலத்தில் இவ்விவாதம் உயிர்பெற்றது. தாளைப் பழைய ஃபுலூஸாகக் கொண்டால் கோடீசுவரருக்கும் ஜகாத் இல்லையென்றாகும்! 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தாள் நாணயத்தை முழுமையான பணமாகவே ஏற்று, பொன் வெள்ளிக்குரிய ஜகாத், வட்டி விதிகள் அதற்கும் உண்டெனத் தீர்மானித்தது.