நிலைபெறும் வளர்ச்சியும் முனைவர் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

உடுமலைப்பேட்டையில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு ஆனைமலைத் தொடர் தெளிவாகத் தெரியும். அதன் அடிவாரத்தில் அமைந்துள்ள திருமூர்த்தி அணையில் தேங்கும் நீரின் பெரும்பகுதி அவ்விடத்து ஓடையின் நீரன்று. மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக் கடலிற் சேர வேண்டிய ஆறுகளின் நீர், அணைகளாலும் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் கிழக்கே திருப்பப்பட்டு இங்கு வந்து சேர்கிறது. இதுவே பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமாகும். இதற்கான தமிழ்நாடு–கேரள ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தாயிற்று. நீர் எல்லா நிலத்திற்கும் ஒருங்கே போதாமையால் பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, முறை வைத்து நீர் விடப்படுகிறது. ஒரு மண்டலம் நீர் பெறும்போது பிற மண்டலங்கள் காத்திருக்கின்றன.

இவ்வொரு முறை நீரை முழுமையாக விளங்கிக்கொள்ள எத்துறை போதுமானது? அணையைப் பொறியியல் அறியும். மண்ணை வேளாண்மை அறியும். ஒப்பந்தத்தைச் சட்டம் அறியும். மலையில் வாழும் மலசர், முதுவர் போன்ற மக்களின் வாழ்வை மானிடவியல் அறியும். கடைமடை விவசாயிக்கு ஏன் நீர் எட்டவில்லை என்பதைச் சமூகவியல் ஆராயும். காத்திருத்தலும் பகிர்தலும் நீதியும் பற்றிய கேள்வியோ இறையியலின் வாயிலில் வந்து நிற்கிறது. நிலைபெறும் வளர்ச்சி குறித்துப் பல துறைகளை இணைத்து நடத்தப்படும் முனைவர் பட்ட ஆய்வுகள் இத்தேவையிலிருந்தே பிறந்தவை.

இக்கல்வி மேலைநாட்டிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். 1987இல் வெளியான புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை, வருந்தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு செய்யாத வளர்ச்சியை உலகின் பேச்சாக்கியது உண்மையே. ஆயினும் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அக்கருத்தை ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் நூலாக எழுதிவைத்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1892 சனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்த ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ், பிற்காலத்தில் ஜே. சி. குமரப்பா என்று அறியப்பட்டார். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்ற இவர், அமெரிக்காவில் சைரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதித் துறையில் இந்தியாவின் வறுமையை ஆராய்ந்தார். 1929இல் தாயகம் திரும்பிக் காந்தியடிகளைச் சந்தித்தபோது அவருக்கு அளிக்கப்பட்டது பேராசிரியர் பதவியன்று, கிராமக் கணக்கெடுப்பு. குஜராத் வித்யாபீடத்தின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் அழைத்துக்கொண்டு, கேடா மாவட்டத்தின் மாதர் வட்டத்துக் கிராமங்களுக்கு அவர் சென்றார். நிலம், கடன், வரி, கால்நடை, கைத்தொழில், உணவு ஆகிய யாவும் ஒரே ஆய்வில் ஆராயப்பட்டன. துறைகளுக்கிடையே சுவர் எழுப்பாத ஆய்வுக்கு இதனை நம் நாட்டின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று எனலாம்.

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தையொட்டிச் சிறைப்பட்ட குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் இரு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையையும் வாழ்க்கை நெறியையும் பற்றியது; மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. பறித்துண்ணும் வாழ்விலிருந்து தொண்டு செய்யும் வாழ்வு வரை பொருளாதாரத்தைப் படிகளாக வகுத்து, எடுப்பதை மட்டும் அறிந்து ஈடு செய்ய அறியாத சமுதாயம் நிலைக்காது என்று அவர் காட்டினார். இந்நூல்களைக் கண்ட காந்தியடிகள் அவருக்கு இறையியல் டாக்டர், கிராமத் தொழில் டாக்டர் என்னும் இரு பட்டங்களை அன்போடு சூட்டினார். எப்பல்கலைக்கழக ஆட்சிக்குழுவும் வழங்காத பட்டங்கள் அவை. எனினும் இறையியலும் கிராமப் பொருளியலும் ஒரே மனிதரின் ஒரே படிப்பாக அமையலாம் என்பதற்கு அவையே சான்று.

அக்காலத் திருச்சபை அவரை எவ்வாறு நோக்கியது? 1930இல் விடுதலைப் போராட்டத்தை ஆதரிக்குமாறு கிறிஸ்தவத் தலைவர்களை அவர் வேண்டினார். கல்கத்தாப் பேராயர் வெஸ்ட்காட்டோ சட்டமறுப்பைக் கிறிஸ்துவின் நெறிக்கு முரணானதாகக் கருதினார். சிறையில் எழுதப்பட்ட இறையியலை நம் வகுப்பறைகள் நெடுங்காலம் பாடமாகக் கொள்ளவில்லை. 1960 சனவரி 30 அன்று மதுரையில் அவர் மறைந்தார்.

அவருடைய சிந்தனை கல்வி நிறுவனங்களிலும் தடம் பதித்தது. டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தை நிறுவினர். 1948–49இன் இராதாகிருஷ்ணன் ஆணையம் கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. 1956இல் காந்திகிராமத்திலும், நம் கொங்குநாட்டுப் பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலும் கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள் தோன்றின. காந்திகிராமம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும் நாடெங்கும் தோன்றிய இத்தகைய நிறுவனங்கள் பலவும் காலப்போக்கில் வழக்கமான கல்லூரிகளின் பாதையிற் கலந்தன. பட்டத்திற்கு வேலை மதிப்பு வேண்டும் என்ற நெருக்குதல், துறைகளை இணைக்கும் நோக்கத்தை விழுங்கிவிட்டது. இவ்வீழ்ச்சியிலிருந்து நாம் பாடம் கற்க வேண்டும்.

உலகத் திருச்சபையும் இதே வழியில் நடந்தது. 1975இல் நைரோபியில் கூடிய உலகத் திருச்சபை மன்றத்தின் பேரவைக்குப் பின், நீதியும் பங்கேற்பும் நிலைபேறும் உடைய சமுதாயம் என்ற குறிக்கோள் முன்வைக்கப்பட்டது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்ந்த விசுவாசமும் அறிவியலும் பற்றிய மாநாட்டுக்கு நம் நாட்டின் பவுலோஸ் மார் கிரிகோரியோஸ் தலைமை தாங்கினார். நிலைபேறு என்னும் சொல் ஐக்கிய நாடுகளின் ஏடுகளில் வேரூன்றுமுன்பே திருச்சபை அதைப் பேசியது. பேசியதோடு நின்றதா என்பதே நம் கேள்வி.

இதற்கு நொய்யல் ஆறு விடை கூறட்டும். திருப்பூரின் சாயக்கழிவு ஆற்றில் கலந்தமையால், பாசனத்திற்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவின் தேக்கமாயிற்று. விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. நிலமிழந்த விவசாயிக்கு நீதி வேண்டும். வேலையிழந்த தொழிலாளிக்குக் கூலி வேண்டும். இருவரும் ஒரே ஆலயத்தில் ஒரே அப்பத்தைப் பிட்கும் ஞாயிறன்று ஆயர் என்ன பிரசங்கிப்பார்? உப்பின் அளவை வேதியியல் சொல்லும். இழப்பைப் பொருளியல் சொல்லும். உரிமையைச் சட்டம் சொல்லும். இவற்றை அறியாத பிரசங்கம் வெறும் ஆறுதல் மொழியாகும். இவற்றை மட்டும் அறிந்த பிரசங்கமோ நற்செய்தியாகாது.

ஆகவே நம் இறையியற் கல்லூரிகளின் உயர் ஆய்வுக்கு மூன்று நெறிகளை முன்வைக்கிறோம். முதலாவது, படைப்பு பற்றிய ஆய்வை மேற்கொள்ளும் மாணவர், இறையியல் ஆசிரியரோடு வேளாண்மை அல்லது பொருளியல் அறிஞர் ஒருவரையும் நெறியாளராகப் பெறல் வேண்டும். இரண்டாவது, குமரப்பா மாதர் வட்டத்திற்குச் சென்றதுபோல் மாணவர் ஒரு கிராமத்திலோ ஒரு கால்வாயின் கரையிலோ தங்கி ஆராய்தல் வேண்டும். மூன்றாவது, ஆய்வின் முடிவைத் தமிழில் அம்மக்கள் முன்னிலையிற் படித்து, அவர்கள் மறுத்துரைப்பதையும் ஏட்டிற் சேர்த்தல் வேண்டும்.

ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை வைத்ததாகக் கூறுகிறது. அங்கு வினைகள் இரண்டு, பணி ஒன்றே. லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் நிலத்திற்கும் ஓய்வு உண்டு என்கிறது. தன் முறைக்காகக் காத்திருக்கும் உடுமலை விவசாயி இவ்வதிகாரத்தை நம்மிலும் நன்கு விளக்கக்கூடும். அவரிடம் சென்று கற்கும் தாழ்மை நமக்கு வருமாயின், காந்தியடிகள் சூட்டிய அவ்விரு பட்டங்களும் ஒருநாள் நம் மாணவர் ஒருவருக்கு ஒரே பட்டமாக வாய்க்கும்.