வெர்டோன்: ஏரிக்கு அடியில ஒரு ஊரு

தெற்கு பிரான்ஸ்ல வெர்டோன் ஆத்துப் பள்ளத்தாக்கை ஒரே நாள்ல பைக்ல சுத்த ப்ளான் மக்களே. காஸ்தெலான்ல கிளம்பி, லா பாலூ வழியா, சாயங்காலம் சாந்த் குருவா ஏரி. ரூட்டு அவ்ளோதான். வரலாறுதான் என்னைப் பிடிச்சுக்கிச்சு.

சில இடத்துல 700 மீட்டர் ஆழம். 1905 ஆகஸ்ட்ல மார்ட்டெல் குழு படகோட இறங்கி, அடி வழியாவே கடந்துச்சு. உள்ளூர் வாத்தியார் இசிடோர் பிளானும் கூடப் போனாரு. சாகசத்துக்கு இல்லீங்க, தண்ணி வளத்தை ஆராய!

அதே தண்ணிக்காக 1970கள்ல அணை வந்துச்சு. லே சால் கிராமத்தை இடிச்சுட்டு தண்ணியைத் தேக்கினாங்க. ஃபோந்தேன் லெவேக்னு ஒரு பெரிய ஊத்து, அதுவும் உள்ளே போயிடுச்சு. ஊர்க்காரங்களுக்கு மேட்டுல புது ஊரு. எல்லாரும் போட்டோ புடிக்கிற நீல ஏரி (ஏரியாம்!) அதுதான்.

அதனால மலை உச்சி ரோட்டுல போட்டோவைக் குறைச்சுட்டு, கடைசி ஒரு மணி நேரத்தை புது லே சால் கரைக்கு ஒதுக்கியாச்சு.