பெயர் வைத்த கை, பின்னிய கை

திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணிக்கு அருகே நாராயணபுரம் என்றொரு கிராமம். அடுத்தடுத்துப் பெண்ணாகவே பிறந்துவிட்டால் கடைசியாகப் பிறந்தவளுக்கு ‘வேண்டாம்’ என்று பெயர் வைக்க வேண்டும், அப்போதுதான் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது அங்கே நெடுநாள் நம்பிக்கை. 2019இல் அந்தப் பெயரோடு பொறியியல் படித்த மாணவி ஒருவருக்கு ஜப்பான் நிறுவனத்தில் வேலை கிடைத்தபோது செய்தித்தாள்கள் அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தன. ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்களுக்கு அது புதுச் செய்தி அல்ல. வருகைப் பதிவேட்டில் ‘வேண்டாம்’, ‘போதும்பொண்ணு’ என்று வாசிக்க வரும்போது நமக்குத்தான் குரல் தடுக்கும். “உள்ளேன் அம்மா” என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்லிவிடுவாள்.

இதையும் குப்பம்மாள், பிச்சையம்மாள் என்கிற பெயர்களையும் ஒரே கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. நான் சேர்க்கமாட்டேன். முன்னே பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், புதிய குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து, ‘இது யாரும் விரும்பாத பிள்ளை’ என்று சாவுக்கே போக்குக் காட்டிவிட்டு வைத்த பெயர் குப்பம்மாள். அதே காரணத்துக்காக ஆண் குழந்தை குப்புசாமி ஆனான். அந்தப் பெயருக்குள் இருப்பது பிள்ளையை விடமாட்டேன் என்கிற பயம். ‘வேண்டாம்’ அப்படியல்ல. அதற்கு ஆண்பால் இணை கிடையாது. அந்தப் பெயர் குழந்தையைப் பார்த்துச் சொல்லப்பட்டதுகூட அல்ல. இன்னும் பிறக்காத ஒரு தம்பிக்காக அவள் தலையில் எழுதிய விண்ணப்பம். மகாராட்டிரத்தில் இதே பொருள் தரும் ‘நகுசா’ என்ற பெயரோடு இருந்த 280க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு, 2011இல் சாத்தாரா மாவட்ட நிர்வாகம் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டியது. தங்களுக்குப் பிடித்த பெயரைச் சிறுமிகளே தேர்ந்தெடுத்தார்கள்.

பெண் குழந்தைக்கு யார், எதற்காகப் பெயர் வைக்கிறார்கள் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், தமிழ்ப் பெண்கள் வரலாற்றில் ஒரு விசித்திரமான இடம் வருகிறது. அங்கே ஒரே ஏற்பாட்டிலிருந்து சிறுமிகளுக்குப் பெயரும் கிடைத்தது, கைத்தொழிலும் கிடைத்தது. அது 19ஆம் நூற்றாண்டின் நாகர்கோவில், அன்றைய திருவிதாங்கூர்.

1819இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் நாகர்கோவில் வந்தார்கள். மார்த்தா சிறுமிகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். 1821வாக்கில் அங்கே ரேந்தை பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். (ரேந்தை என்ற சொல் அதற்கு முன்பே போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்துவிட்டது. இன்று லேஸ் என்கிறோம்.) புதிதாகக் கற்பவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மடியில் கெட்டியாக அடைத்த திண்டு. அதன்மேல் துளையிட்ட கெட்டித்தாள். அந்தத் துளைகளில்தான் பூவேலையின் வரைபடம் இருக்கிறது. துளைக்கொரு குண்டூசி. நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகள் வரிசையாகத் தொங்கும். அவற்றில் நான்கை மட்டும் கையில் எடுத்து, நடுவில் உள்ள இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று மாற்ற வேண்டும். பிறகு இரண்டு ஜோடிகளையும் முறுக்க வேண்டும். மாற்று, முறுக்கு. அசைவு இந்த இரண்டுதான். எத்தனை கட்டைகள் தொங்கினாலும், எவ்வளவு நுணுக்கமான ரேந்தையானாலும் இவற்றிலிருந்தே வளர்கிறது. வயலிலும் பனங்காட்டிலும் உழைத்துக் காய்த்த விரல்களுக்கு அந்த மெல்லிய நூல் முதலில் அறுந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

அந்தச் சிறுமிகளில் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, ரேந்தை விற்றுக் கிடைத்த கூலியைச் சேர்த்து உடையவர்களிடம் கொடுத்துத் தங்களை விடுவித்துக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகள் பேசுகின்றன. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவர்கள் பின்னியது வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் கைகளுக்குமான அலங்காரம். பின்னியவர்களின் சாதிகளில் பலவற்றுக்கோ மார்பை மறைக்கும் மேலாடைக்கே தடை. தோள்சீலைப் போராட்டம் பல கட்டங்களாக நடந்து, 1859இல் அரச அறிவிப்பு வந்தது. அப்போதும் நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது.

பெயருக்கு வருகிறேன். அக்கால மிஷன் விடுதிகளில் ஒரு நன்கொடை வழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் ஒருவர் பணம் அனுப்பி ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்வார். அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் என்பதையும் அவரே சொல்லலாம். தன் பெயரையோ, இறந்துபோன மகளின் பெயரையோ வைக்கச் சொல்லலாம். முன்பின் பார்த்திராத ஒருவரின் நினைவுக்காகத் தெற்குக் கோடியில் ஒரு சிறுமி பெயர் மாறினாள். இதைக் கொடுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் என்னால் முடியவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள் மேல்சாதியாரைப் போலப் பெயர் வைத்துக்கொள்ளவே விடாத மண் அது; ஊர் ஏளனமாக அழைத்த பெயரை உதறிவிட வேதாகமப் பெயர் உதவியது. ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை. விளைவு, ஆய்வாளருக்கு மட்டுமல்ல, அவளுடைய கொள்ளுப்பேத்திக்கும் ஒரு முட்டுச்சந்து. பதிவேட்டில் இருப்பது பணம் அனுப்பியவரின் பெயர். ரேந்தையில் எந்தப் பெயரும் இல்லை.

மார்த்தாவின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே தமிழ் பேசி வளர்ந்தவர். 1844இல் திருமணமாகி இடையன்குடி போனார். அங்கே பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கி ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். கணவர் ராபர்ட் கால்டுவெல். 1856இல் வந்த அவருடைய ஒப்பிலக்கணத்தைத் தமிழ் முதுகலை மாணவர் யாரும் தாண்டிப் போக முடியாது. எலைசாவின் பெயரைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

பெயர் சூட்டும் அதிகாரம் பெண்கள் கைக்கு வந்த நாள்களும் உண்டு. 1938 நவம்பர் 13 அன்று சென்னை ஒற்றைவாடை அரங்கில், மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை தலைமையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ராமசாமியைப் ‘பெரியார்’ என்று அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தப் பெயர் நிலைத்தது. அதை முடிவு செய்த கூட்டம் பெண்களுடையது என்பதைச் சொல்லித்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கைத்தொழிலில் பெயர் இன்னும் கடினம். ஆந்திரத்தின் நரசாபுரத்தில் ரேந்தை பின்னும் பெண்களைப் பற்றி 1982இல் மரியா மீஸ் எழுதிய நூல் காட்டியது இதைத்தான்: பல மணி நேரம் பின்னி ஏற்றுமதிக்கு அனுப்பியவர்கள் ‘வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்’ என்றே கணக்கிடப்பட்டார்கள், வியாபாரம் ஆண்கள் பெயரில் நடந்தது.

இன்று அம்பத்தூர், ஆவடித் தெருக்களில் ஆரி வேலைப்பாடு கற்றுத்தருகிறோம் என்று வீட்டுக்கு வீடு பலகை. மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் இடது கை பிடித்திருக்கும் நூலை மேலே இழுக்க வேண்டும். முதல் பாடம் சங்கிலித் தையல். நூல் கொக்கியில் சிக்காமல் நழுவும், சிக்கினால் அறும். கர்ப்பமாக இருக்கும்போது வேலையை விட்டுவிட்டு, ஒரு பக்கம் குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டே இதைக் கற்க வருபவர்கள் நிறையப் பேர். பெயரை எண் கணிதக்காரர் ஓர் எழுத்துக் கூட்டுவார், மாமியார் வீட்டில் ஓர் எழுத்துக் குறைப்பார்கள். அவள் தேடிவைத்த பட்டியலில் இருந்து கடைசியில் எது மிஞ்சும் என்பது அவளுக்கே தெரியாது. கற்று முடித்துத் தனியாக வகுப்பு எடுக்கத் தொடங்கும்போது, வாசல் பலகையில் பெரும்பாலும் தன் பெயரை எழுதுவதில்லை. மகள் பெயரைப் போடுகிறாள். கல்யாண ரவிக்கைகள் அந்த வீட்டிலிருந்து கடைக்குப் போகும், கடையின் பெயர் தைத்த துண்டு கழுத்தின் உள்பக்கத்தில் ஏறும்.