கல்லீரல் விழுங்கிய பொட்டலம்

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு ஒரு பழைய ஜோக் தெரியும்: "அது பக் இல்ல சார், ஃபீச்சர்." இன்னைக்குக் கதையில அந்த ஜோக் நிஜமாவே நடக்குது. என்ன, நடக்கிறதுக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆச்சு.

1961. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாப்ரஹாம் ஆராய்ச்சி நிலையம். அங்கே அலெக் பாங்கம், ராபர்ட் ஹார்ன் என்று இரண்டு பேர். புதுசா வந்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைச் சோதிச்சுப் பார்க்கலாம்னு, பாஸ்போலிப்பிட் என்கிற கொழுப்போடு சாயம் கலந்து உள்ளே வெச்சாங்க. படத்தில் தெரிஞ்சது, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி வளையம் வளையமா ஏதோ ஒண்ணு. பார்க்க அப்படியே நம்ம செல்லோட சவ்வு!

காரணம் சிம்பிள். இந்தக் கொழுப்பு மூலக்கூறோட தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. தண்ணீரில் விட்டா, வால்கள் எல்லாம் நடுவில் ஒளிஞ்சுக்கிட்டு, இரண்டு அடுக்குச் சுவரா மாறி, பந்து மாதிரி தானே மூடிக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கும். கூட வேலை பார்த்தவங்க இதுக்கு விளையாட்டா 'பாங்கசோம்' என்று பேர் வெச்சாங்க. நல்லவேளை, ஜெரால்டு வைஸ்மன் சொன்ன 'லிப்போசோம்' நிலைச்சுது.

உள்ளே தண்ணீர் மாட்டும்னா மருந்தும் மாட்டும் இல்லையா? 1971-இல் லண்டனில் கிரெகரி கிரெகோரியாடிஸும் பிரெண்டா ரைமனும் ஒரு என்சைமை இப்படிப் பொட்டலம் கட்டி எலிகளுக்கு ஊசி போட்டாங்க. பொட்டலம் போச்சு. ஆனா பெரும்பகுதி போன இடம் கல்லீரலும் மண்ணீரலும்! ரத்தத்தில் புதுசா எது மிதந்தாலும் பிடிச்சு விழுங்கிற செல்கள் அங்கே காவலுக்கு உட்கார்ந்திருக்கு. மேக்ரோஃபேஜ்னு பேர். புற்றுநோய்க் கட்டிக்கு மருந்து அனுப்ப நினைச்சவங்களுக்கு இது பெரிய தலைவலி. பொட்டலத்துக்கு மேலே பாலிஎதிலின் கிளைக்கால் பூசி, காவலாளி கண்ணில் படாம ஏமாத்தக் கத்துக்கிட்டு, டாக்சில் என்கிற மருந்து அமெரிக்காவில் அனுமதி வாங்கினது 1995-இல்.

இங்கே கொஞ்சம் வேற பக்கம் போவோம், திரும்பி வந்துடலாம்.

1957-இல் ஜப்பானில் ஹமாவோ உமெசாவா குழு கனமைசின் என்கிற ஆன்டிபயாடிக்கை அறிவிச்சாங்க. பாக்டீரியா சும்மா இருக்குமா? அந்த மருந்தைப் பிடிச்சு முடக்குற என்சைம்களை வெச்சுக்கிட்டு தப்பிக்க ஆரம்பிச்சுது. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானிய வேதியியலாளர்கள் அதே கனமைசினில் ஒரு பக்கக் கிளையை ஒட்டவெச்சாங்க. என்சைமுக்குப் பிடி கிடைக்காது. அதுதான் அமிக்கசின். அருமையான பேட்ச். ஆனா விலை இருக்கு: அதிக நாள் ஊசியா போட்டா காது கேட்காமப் போகலாம், சிறுநீரகம் கெடலாம். இன்னொரு சிக்கல், அது செல்லுக்குள்ளே சுலபமா நுழையாது.

செல்லுக்குள்ளே ஏன் நுழையணும்? மைக்கோபாக்டீரியம் ஏவியம் குடும்பம்னு ஒரு கூட்டம் இருக்கு, சுருக்கமா மேக். காசநோய்க் கிருமிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். மண்ணிலும் குழாய்த் தண்ணியிலும் சாதாரணமா வாழும். ஏற்கெனவே நுரையீரல் பழுதானவங்களுக்குள்ளே போயிட்டா, வருஷக்கணக்கில் இருமல், இளைப்பு, சோர்வு. மூணு மருந்து சேர்த்துச் சாப்பிடணும். சளியில் கிருமி காணாமப் போன பிறகும் இன்னும் ஒரு வருஷம் சாப்பிடணும். அப்படியும் சிலருக்குப் போகாது. ஏன்னா, இந்தக் கிருமி குடியிருக்கிறதே நுரையீரலோட மேக்ரோஃபேஜுக்குள்ளே. தன்னைத் தின்ன வந்த போலீஸோட ஸ்டேஷன்லயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கு!

இப்போ இரண்டு கதையையும் ஒட்டுங்க. அமிக்கசினை சுமார் 300 நானோமீட்டர் லிப்போசோமுக்குள்ளே அடைச்சாங்க. 100-க்கு மேலே போனா நானோவே இல்லைன்னு சண்டைக்கு வர்றவங்க தனியா வாங்க, பேசிக்கலாம். பொட்டலச் சுவர், நம்ம நுரையீரல் தானே சுரக்கிற ஒரு கொழுப்பும் கொலஸ்ட்ராலும். ரத்தத்தில் விடல, நெபுலைசரில் தினம் ஒரு தடவை மூச்சில் இழுக்கணும். மேக்ரோஃபேஜ் வழக்கம்போல விழுங்கும். விழுங்கட்டும்! கிருமி இருக்கிறதும் அங்கேதானே. 1971-இல் தலைவலியா இருந்த அதே பசி, இங்கே வழிகாட்டி.

ஆறு மாசம் மருந்து சாப்பிட்டும் குணமாகாத 336 பேரை வெச்சுச் சோதனை நடந்தது. பழைய மாத்திரைகளோடு இதையும் சேர்த்துக்கிட்ட 224 பேரில் 65 பேருக்கு ஆறாவது மாசத்துக்குள் சளி சுத்தமாச்சு, அதாவது 29 சதவீதம். மாத்திரை மட்டும் எடுத்த 112 பேரில் 10 பேருக்குத்தான், 8.9 சதவீதம். 2018 செப்டம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. வேற வழி குறைவா இருக்கிற சின்ன நோயாளிக் கூட்டத்துக்கான தனி வழியில் முதல் அனுமதி இதுக்குத்தான். வணிகப் பேர் அரிக்கேஸ்.

"நானோ வந்தாச்சு, சூப்பர்பக் காலி" என்று தம்ப்நெயில் போடுற சேனல்கள்மேல எனக்குக் கோபம் வர்றது இங்கேதான். ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறாங்க என்கிற சோதனையில் இரண்டு குழுவுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியல. மூச்சுத் திணறல் மாதிரி பிரச்சனைகள் கூடலாம்னு மருந்து அட்டையிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை இருக்கு. முக்கியமா, அமிக்கசினையே பலமா எதிர்க்கிற கிருமி உள்ளவங்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை. பொட்டலம் மருந்தை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்குது. உள்ளே இருக்கிற கிருமிக்கு அந்த மருந்தே உறைக்கலைன்னா, பொட்டலத்தால ஒண்ணும் பண்ண முடியாது.